ஜெர்மன் பல்கலைக்கழக வேலைக்கு விசா: நெல்லைச் சீமையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

ஜெர்மன் பேராசிரியர் ஒருவர் "உங்களை எடுத்துக்கொள்கிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் "எப்போது கிளம்புகிறாய்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்வதற்குள் நடக்க வேண்டிய தாள் வேலைகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இவற்றையெல்லாம் எனக்கு யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. பாளையங்கோட்டையில் ஒருவர் ஒன்று சொன்னார், சென்னையில் இன்னொருவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார், இணையத்தில் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் மாணவர்களுக்கானவை.

அதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். இது சம்பளத்துடன் ஆய்வுப் பணிக்குப் போகிறவர்களுக்கு: முனைவர் பட்டம் முடித்து போஸ்ட்டாக் போகிறவர்கள், அல்லது முதுகலை முடித்து ஊதியம் பெறும் ஆய்வாளராகச் சேர்ந்து அங்கேயே முனைவர் பட்டம் செய்யப் போகிறவர்கள். படிக்கப் போகும் மாணவர்களிடம் கேட்கும் ஏ.பி.எஸ். சான்றிதழ் (கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது), செலவுக்காக 11,904 யூரோ போட்டு வைக்கும் முடக்கக் கணக்கு ஆகியவை உங்கள் பாதையில் வராதவை. அவை வேண்டும் என்று யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

1. சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அக்டோபர் 1 அன்று வேலையில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் நடுவில் விசா கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்த பிறகு சில வாரங்களில் விசா வந்தவர்களும் உண்டு, மூன்று மாதம் காத்தவர்களும் உண்டு. ஆகவே ஜூன் மாதத்துக்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு மே மாதத்தில் ஒப்பந்தத் தாள் வேண்டும். பாஸ்போர்ட்டில் திருத்தம் இருந்தால் அது மார்ச்சிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எல்லோரும் தவறவிடுவது பேராசிரியரின் மின்னஞ்சலுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. ஜெர்மனியில் பேராசிரியர் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், வேலை தருவது பல்கலைக்கழகத்தின் பணியாளர் பிரிவுதான். அதற்கு மேல் பணியாளர் பிரதிநிதிக் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழு கூடி ஒப்புதல் தந்த பிறகே தாள் வெளியே வரும். குழு தினமும் கூடுவதில்லை. "பேராசிரியர் சொல்லிவிட்டார், இனி என்ன?" என்று இங்கே உள்ள வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள்.

2. பெயர்: நம் பக்கத்து ஆட்களுக்கு இதுதான் பெரிய கண்டம்

வேறு எந்தப் படியையும் விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், பட்டச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் ஸர்நேம் கட்டம் காலி. இதற்கு மேல் நெல்லைப் பெயர்களுக்கே உரிய எழுத்துச் சிக்கல் வேறு. இசக்கியம்மாள் என்ற பெயரைப் பள்ளியில் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கியிருப்பார்கள், பாஸ்போர்ட்டில் 'ஐ' எழுத்தில் தொடங்கியிருக்கும். சுடலைமுத்து ஓரிடத்தில் 'எஸ்', வேறிடத்தில் 'சி'. பேச்சிமுத்துவில் 'டி' உண்டா இல்லையா என்பது எழுதிய குமாஸ்தாவைப் பொறுத்தது. நமக்கு இது ஒரே ஆள் என்று பார்த்ததும் தெரியும். ஜெர்மன் அலுவலருக்கு இவை இரண்டு வெவ்வேறு மனிதர்களின் தாள்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மேசையில் பாஸ்போர்ட்டை நடுவில் வையுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனி உருவாகப்போகும் எல்லாத் தாள்களும், அதாவது ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், காப்பீடு, டிக்கெட் எல்லாம், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு உங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் பெயரைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட் முகப்புப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பி, "இப்படியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள்.

பழைய சான்றிதழ்களில் இருக்கும் வேறுபாட்டுக்கு, இரண்டு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஆங்கிலத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். இனிஷியல் வேறுபாட்டுக்கு இது பொதுவாகப் போதும். எழுத்து வேறுபாடு அதிகமாக இருந்தால் சான்றிதழைத் திருத்துவதே நல்லது, அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

ஸர்நேம் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டோடும் விசா கிடைக்கும். ஆனால் அங்கே போனபின் வங்கி, காப்பீடு, நகராட்சிப் பதிவு என்று ஒவ்வோர் இடத்திலும் கணினி குடும்பப் பெயர் கேட்டு அடம்பிடிக்கும். ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை, கையில் சில மாதம் இருக்கிறது என்றால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ ஸர்நேமாகச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஒப்பந்தம் வந்துவிட்டது என்றால் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். ஒன்றைத் திருத்தப் போய் மற்ற எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

நல்லவேளையாக மதுரை வரை போக வேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். காவல் சரிபார்ப்புக்கு வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டு ஊரில் இருந்தால் இழுபறிதான். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், குறைந்தது இரண்டு பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும்.

தென்காசி, சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கத்துக்காரர்கள் ஒன்று கேட்பார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. பழைய தாள்களில் திருநெல்வேலி மாவட்டம், புதிய ஆதாரில் தென்காசி மாவட்டம் என்று இருக்கும். இதற்காகப் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டாம். பிறந்த ஊர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

3. பட்டச் சான்றிதழும் 'அனாபின்' பட்டியலும்

வெளிநாட்டுப் பட்டங்களையும் பல்கலைக்கழகங்களையும் மதிப்பிட்டு வைத்திருக்கும் ஜெர்மன் அரசுத் தரவுத்தளத்தின் பெயர் அனாபின். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு 'எச் பிளஸ்' என்ற குறியீடு இருக்கிறதா என்று அதில் தேடிப் பார்த்து, அந்தப் பக்கத்தையும் உங்கள் பட்டத்துக்கான பக்கத்தையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும்.

இங்கே பலர் கல்லூரிப் பெயரைத் தேடிக் களைத்துப்போகிறார்கள். சேவியர் கல்லூரி, ஜான்ஸ் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி, சாரா டக்கர் கல்லூரி என்று எதில் படித்திருந்தாலும் பட்டம் தந்தது பல்கலைக்கழகம். ஆகவே சான்றிதழின் தலைப்பில் உள்ள பெயரை, அதாவது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். பொறியியல் படித்தவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் ஒன்றாகும் வரை திருநெல்வேலியில் தனிப் பல்கலைக்கழகம் இயங்கியது. அந்தக் காலத்துச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதே பெயரில் தேடுங்கள்.

பட்டியலில் உங்கள் பட்டம் இல்லையென்றால் ஜெர்மனியில் உள்ள மைய அலுவலகத்திடம் தனி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ. அதற்குக் காலமும் பிடிக்கும், ஆகவே இந்தத் தேடலை ஒப்பந்தம் வரும் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்று இரவே பார்க்கலாம், காசு கிடையாது.

வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வராதவர்களுக்கு ஒரு செய்தி. நல்ல ஊதியத்தில் வேலை கிடைத்த பட்டதாரிகளுக்கான வேலை அனுமதிதான் ப்ளூ கார்டு; அதற்கு அடிப்படையாக முதுகலைப் பட்டமே போதும். முனைவர் பட்டம் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்துக் கிடந்தால் விசா நிற்க வேண்டியதில்லை. ஆனால் பல்கலைக்கழகம் போஸ்ட்டாக் பதவிக்கு அதைக் கேட்கும். தற்காலிகச் சான்றிதழ் போதுமா என்று பணியாளர் பிரிவிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். முதுகலைப் பட்டத்தையே இன்னும் வாங்காமல் தற்காலிகச் சான்றிதழோடு ஆண்டுகளை ஓட்டியவர்கள் நம்மிடையே ஏராளம். பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு ஒரு நடை போய் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

4. ஜெர்மனியிலிருந்து வாங்க வேண்டிய தாள்கள்

பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இந்தியாவுக்கு அனுப்புவதில்லை. சேரும் நாளன்று நேரில் வந்து கையெழுத்திடுங்கள் என்பார்கள். ஒப்பந்தம் இல்லாமல் விசாவுக்கு எப்படிப் போவது என்று பதற வேண்டாம். அதற்குப் பதிலாகப் பணி உறுதிக் கடிதம் ஒன்று தருவார்கள். அதில் பதவி, ஊதிய நிலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருக்க வேண்டும். வெறும் வாழ்த்துக் கடிதம் செல்லாது.

அதோடு 'வேலை நிலை குறித்த அறிவிப்பு' என்ற அரசுப் படிவம் ஒன்று இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியது நீங்கள் அல்ல, வேலை தருபவர். பணியாளர் பிரிவுக்கு அது தெரியும். ஆனால் நீங்கள் கேட்டால்தான் வரும். ஆய்வாளர் விசாவுக்குப் போவதென்றால் (அடுத்த பகுதியில் சொல்கிறேன்), உங்களை ஆய்வுக்கு ஏற்றுக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகம் எழுதித் தரும் ஏற்பு ஒப்பந்தமும் வேண்டியிருக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கென்று தனி உதவி மையம் இருக்கிறது. பேராசிரியரைத் தொந்தரவு செய்வதை விட அந்த மையத்தைப் பிடியுங்கள், அங்கே இருப்பவர்களுக்கு இதுதான் தொழில்.

இன்னொன்றையும் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் 81ஏ பிரிவின் கீழ் விரைவு நடைமுறை உண்டு. வேலை தருபவர் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி முன்னொப்புதல் வாங்கினால், இங்கே மூன்று வாரத்துக்குள் நேர்காணல் நேரம் தர வேண்டும் என்பது விதி. எல்லாப் பல்கலைக்கழகமும் இதைச் செய்யாது. கேட்பதில் நட்டமில்லை.

5. ப்ளூ கார்டா, ஆய்வாளர் விசாவா?

பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குப் பொதுவாக டி.வி.-எல். என்ற ஊதிய அட்டவணையில் ஈ 13 நிலை. 2025 பிப்ரவரியில் அதன் முதல் படி முழு நேரத்துக்கு மாதம் 4,629.74 யூரோவாக இருந்தது. வரியும் காப்பீடும் போக ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு கைக்கு வரும். ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்க வேண்டாம், அங்கே செலவும் யூரோவில்தான்.

ப்ளூ கார்டுக்கு ஆண்டு ஊதிய வரம்பு உண்டு. 2025-இல் 48,300 யூரோ, 2026-இல் 50,700 யூரோ. முழு நேர ஈ 13 இதைத் தாண்டிவிடும். ஆனால் முனைவர் பட்ட ஆய்வாளர் பணிகள் பல 50, 65, 75 விழுக்காட்டு நேரத்துக்குத்தான் தரப்படுகின்றன. அந்த ஊதியத்தில் 75 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 42,000 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. ஆட்பற்றாக்குறைத் துறைகளுக்கான குறைந்த வரம்பு 2026-இல் 45,934.20 யூரோ, அதையும் தொடாது. அப்படிப்பட்டவர்கள் ப்ளூ கார்டுக்கு விண்ணப்பித்து மறுப்பு வாங்க வேண்டாம். அதே வசிப்புச் சட்டத்தின் 18டி பிரிவின் கீழ் ஆய்வாளர் விசா இருக்கிறது, அதற்கு இந்த ஊதிய வரம்பு இல்லை. சம்பள ஒப்பந்தம் இல்லாமல் உதவித்தொகையில் போகிறவர்களுக்கும் ப்ளூ கார்டு கிடையாது.

இரண்டுக்கும் தகுதி இருந்தால்? அங்கேயே தங்கும் எண்ணம் உள்ளவருக்கு ப்ளூ கார்டு நல்லது. 27 மாதத்தில் நிரந்தரக் குடியுரிமை அல்ல, நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கலாம். ஜெர்மன் மொழியில் பி 1 நிலை தேறினால் 21 மாதம். வேறு ஐரோப்பிய ஆய்வகங்களுக்கும் போய்ச் சில மாதம் வேலை செய்து வர வேண்டிய திட்டம் என்றால் ஆய்வாளர் விசா வசதி. இரண்டிலும் கணவனோ மனைவியோ உடன் வந்து உடனே வேலை பார்க்கலாம், அவர்களுக்கு ஜெர்மன் மொழிச் சான்றும் கேட்பதில்லை. இந்தக் கடைசி வரியை உறவினர்களிடம் காட்டுங்கள். மொழிச் சான்று இல்லாமல் மனைவியைக் கூட்டிப்போக முடியாது என்று உறுதியாகச் சொல்கிற ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்.

6. அப்போஸ்டில் வேண்டும் என்று சொன்னால்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் தாளை இன்னொரு நாடு ஏற்பதற்கான அரசுச் சான்று) வாங்க வேண்டும் என்று ஓர் ஏஜென்ட் என்னிடம் ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது, உண்மை. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. அதனால் இந்த இரு நாடுகளுக்கிடையே அந்த முத்திரைக்குப் பயனில்லை. வளைகுடாவுக்கோ கொரியாவுக்கோ போகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஏஜென்ட்கள் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறார்கள். சென்னைக்கும் தில்லிக்கும் அசல் சான்றிதழ்களை அனுப்பிவிட்டு, அவை திரும்பி வரும் வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

பொதுவிதி ஒன்று: தூதரகம் வெளியிட்டுள்ள பட்டியலில் கேட்காத எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். அசலும் நகலும்தான் பெரும்பாலும் கேட்பது. ஆங்கிலத்தில் உள்ள தாள்களுக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. தமிழில் மட்டும் உள்ள தாள்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

7. இணைய விண்ணப்பம்

2025 தொடக்கம் முதல் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டல் வழியாக விண்ணப்பிக்கலாம். கணக்குத் தொடங்கி, என்ன வேலை, எத்தனை காலம் என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் வகைக்கான ஆவணப் பட்டியலை அதுவே காட்டும். தாள்களைப் பதிவேற்றியதும் தூதரகத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, குறை இருந்தால் கேட்பார்கள். அதன் பிறகுதான் நேரில் வரச் சொல்வது. பழைய முறையில் ஒரு தாள் குறைந்தாலும் சென்னைப் பயணம் வீண். அந்த வகையில் இது பெரிய நிம்மதி.

ஸ்கேன் செய்யும்போது கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். ஜங்ஷன் பக்கத்திலோ பாளை பஸ் நிலையத்தைச் சுற்றியோ உள்ள ஜெராக்ஸ் கடையில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக வாங்குங்கள். பின்பக்கத்தில் முத்திரை இருந்தால் பின்பக்கமும் வேண்டும். கடைக் கணினியில் உங்கள் பாஸ்போர்ட் கோப்பை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். நின்று அழிக்கச் சொல்லுங்கள்.

புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர்ப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது. நம் ஸ்டுடியோக்காரர்கள் அன்பு மிகுதியால் முகத்தை இரண்டு சுற்று வெள்ளையாக்கித் தருவார்கள். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், நேரில் வரும் முகமும் படத்தில் இருக்கும் முகமும் ஒன்றாக இருக்கட்டும்.

தன்விவரக் குறிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது. 2021 மே முதல் 2022 ஜனவரி வரை வேலை தேடினீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும்: யார், என்ன வேலை, எங்கே, எப்போது, எதன் அடிப்படையில் விசா கேட்கிறீர்கள்.

நேர்காணல் நேரம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

8. காப்பீடு

வேலையில் சேரும் நாளிலிருந்து சட்டப்படியான ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துவிடுவீர்கள், பாதிப் பணத்தை வேலை தருபவர் கட்டுவார். விசாவுக்குக் காட்ட வேண்டியது அதற்கு முந்தைய நாள்களுக்கானது. நாட்டுக்குள் நுழையும் தேதியிலிருந்து வேலை தொடங்கும் வரை, சில நாள் கூடுதலாகவே வைத்து ஒரு பயணக் காப்பீடு எடுங்கள். நுழையும் தேதி தள்ளிப்போனால் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

9. சென்னைக்கு ஒரு நடை

தமிழ்நாட்டு முகவரிக்காரர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம்தான். தாள்களைப் பெற்றுக்கொள்வதும் கைரேகை எடுப்பதும் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் தனியார் நிறுவனமான வி.எஃப்.எஸ். மையத்தில். கைரேகைக்கு நீங்களே போக வேண்டும், ஆளை அனுப்ப முடியாது.

காலை நேரம் கிடைத்தால் முந்தின நாள் இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் சரியாக இருக்கும். வந்தே பாரத் காலையில் இங்கே கிளம்பி மதியத்துக்கு மேல்தான் எழும்பூர் சேர்வதால் போவதற்கு உதவாது, ஆனால் காலையில் வேலை முடிந்தால் பிற்பகலில் அதிலேயே திரும்பிவிடலாம். சிக்கல் என்னவென்றால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறந்து தீர்ந்துவிடுகிறது, நேர்காணல் தேதியோ குறுகிய அவகாசத்தில் வரும். பொங்கல், தீபாவளி ஒட்டி வந்தால் தத்காலை நம்பாமல் பஸ்ஸில் இடம் பிடித்துவிடுங்கள். இரவுப் பயணத்தில் அசல் சான்றிதழ்ப் பை தலைக்கு அடியில் இருக்கட்டும், இருக்கைக்குக் கீழே வேண்டாம்.

தாள்களைப் பட்டியலில் உள்ள வரிசைப்படியே அடுக்கிக்கொண்டு போங்கள். இரண்டு நகல் தொகுப்பு, அசல் தனியாக. கவுன்டரில் இருப்பவர் தூதரக அதிகாரி அல்ல. ஏதாவது ஒரு தாள் தேவையில்லை என்று அவர் திருப்பித் தந்தாலும், பட்டியலில் அது இருந்தால் பணிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

10. காத்திருக்கும்போதும் மறுத்துவிட்டாலும்

ஆய்வாளர்களுக்கு ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை என்பதால் மற்ற தொழிலாளர்களை விட வேகமாக முடியும். ஆனாலும் தினமும் மின்னஞ்சல் போட்டு நிலவரம் கேட்காதீர்கள். சேரும் தேதி நெருங்கிவிட்டது என்றால் தூதரகத்துக்கு எழுதுவதைவிடப் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். இதைப் பெரும்பாலும் செய்து தருவார்கள், எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஊரிலிருந்தே கணினியில் வேலையைத் தொடங்கு என்று பேராசிரியர் சொன்னால், பணியாளர் பிரிவின் சம்மதம் இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். வரி, காப்பீடு இரண்டும் சிக்கலாகும்.

மறுப்பு வந்தால் மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம் என்று பழைய காணொளிகள் சொல்லும். அந்த நடைமுறையை 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது இரண்டே வழி: குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. தாள் குறைவால் வந்த மறுப்புக்கு முதல் வழியே மலிவு.

அரசு உதவிபெறும் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் இந்தக் காத்திருப்புக் காலத்தில் தடையின்மைச் சான்று, ஊதியமில்லா விடுப்பு ஆகியவற்றைத் தொடங்கிவிடுங்கள். கல்லூரி நிர்வாகம் கையெழுத்திட்டாலும் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வரை கோப்பு போக வேண்டும். அது விசாவை விட மெதுவாக நகரும்.

11. மனைவி, மக்கள்

சேர்ந்து போவதா, பின்னால் வருவதா என்று முதலிலேயே முடிவெடுங்கள். திருமணம் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கோயில் ரசீதும் திருமண அழைப்பிதழும் போதாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களுக்கும் பதிவு கட்டாயம், ஆனாலும் வெளிநாடு போகும் நேரத்தில்தான் நம்மில் பலர் அதை நினைக்கிறோம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் முதலில் பெயரைச் சேர்க்க வேண்டும். அப்போஸ்டில் செல்லாத காரணத்தால் இந்தக் குடும்பத் தாள்களைத் தூதரகம் சரிபார்ப்புக்கு அனுப்பவும் கூடும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

12. எவ்வளவு ஆகும்?

நீண்ட காலம் தங்குவதற்கான இந்த ஜெர்மன் விசாவின் கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாயைச் சுற்றி நிற்கும்போது ஏறத்தாழ 7,500. அதன் மேல் வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம், கூரியர். பாஸ்போர்ட், நோட்டரி, காப்பீடு, சென்னைப் போக்குவரத்து எல்லாம் சேர்த்தாலும் விசாவுக்கு மட்டும் ஒரு லட்சம் கேட்கும் ஏஜென்ட்டின் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று புரியாது.

பெரிய செலவு போய் இறங்கிய பிறகுதான். முதல் சம்பளம் மாதக் கடைசியில் வரும், புதியவர்களுக்குச் சில நேரம் அடுத்த மாதமே வரும். வீட்டுக்கு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. குடியிருப்பு அனுமதி அட்டைக்கு 100 யூரோ. ஆக, இரண்டு மாதச் செலவுக்கான பணத்தோடு போங்கள். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் கொண்டுபோகலாம், மீதியை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்துப் போகிறவர்கள் வட்டித் தேதியையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

13. விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும்

கூரியர்க்காரர் நிற்கும்போதே உறையைப் பிரித்துப் பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், செல்லத் தொடங்கும் தேதி, முடியும் தேதி, எத்தனை முறை நுழையலாம், வேலை அனுமதிக் குறிப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் இங்கேயே திருத்துவது எளிது. தொடங்கும் தேதிக்கு முன்னால் அங்கே இறங்க முடியாது, ஆகவே டிக்கெட்டை இதைப் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

விசா சென்னையில் வாங்கியதால் விமானமும் சென்னையிலிருந்துதான் என்று கட்டாயமில்லை. வள்ளியூர், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போனால் துபாய், தோஹா, அபுதாபி வழி இணைப்பு விமானங்கள் இருக்கின்றன. வழியனுப்ப வரும் வேனுக்கும் அது பக்கம்.

அசல் சான்றிதழ்கள், ஒப்பந்தம், காப்பீடு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி காணாமல் போனால் இட்லிப்பொடியை மறுபடி வரவழைக்கலாம், பட்டச் சான்றிதழை வரவழைக்க முடியாது.

கிளம்பும் முன் முடிக்க வேண்டிய கடைசி வேலை தங்குமிடம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியமர்வுச் சான்று தேவை. அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதி அட்டைக்கும் அது வேண்டும். குறுகிய கால விடுதிகளும் அறைகளும் பல நேரம் இந்தச் சான்றைத் தருவதில்லை. முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் "பதிவுக்கான சான்று தருவீர்களா?" என்று எழுதிக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் முதல் இரண்டு மாதத்துக்கு இடம் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் ஊர்களும் உண்டு, அந்த நேரத்தையும் இங்கிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.